மாடத்தியின் அளவு ஜாக்கெட்

“கையைத் தூக்கத் தெம்பில்லாதவளுக்கு மேடை எதுக்குங்கேன்!” என்று மகாராஜா போட்ட சத்தத்தில், டீக்கடை வாசலில் நின்றவர்கள் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டார்கள்.

“யாரை அண்ணாச்சி ‘அவ’, ‘இவ’ங்கிய? மரியாதையாப் பேசுங்க. ஒங்க மைக்குல பாடிட்டா ஒங்க வீட்டு வேலைக்காரி ஆயிருவாளா?”

சங்கரேஸ்வரி தையல் கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தாள். கழுத்தில் அளவு டேப். கையில் யாருடைய ஜாக்கெட்டுக்கோ வெட்டிய கைத்துணி. அதை மகாராஜாவின் மூக்குக்கு நேரே ஆட்டி ஆட்டிப் பேசினாள்.

“நான் பொய்யா சொல்லுதேன்? ஊரே பாத்துச்சுல்லா. பூப்பறிப் பாட்டுல அந்த எடம் வந்ததும் எடது கையை வானத்துக்குத் தூக்கி ஒரு இழுப்பு இழுப்பாளே, நேத்து எங்க போச்சு அது? கை இடுப்புக்கு மேல வரல. அந்த இழுப்பை எங்க செல்லச்சாமி அண்ணாச்சில்லா பாடுனாரு! எழுபது வயசு ஆளு, நின்ன நெலையில! இவ நாக்காலி கேட்டு வாங்கி உக்காந்துக்கிட்டா.”

“உக்காந்தா என்ன? பாட்டு தொண்டையிலயா இருக்கு, முட்டிலயா இருக்கு?”

டீக்கடையில் சிரிப்பு எழுந்தது. யார் பக்கம் சிரித்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அது அந்தத் தெருவின் பழக்கம். சண்டை நன்றாக இருந்தால் போதும், பக்கம் பிறகு பார்த்துக்கொள்வார்கள்.

முந்தின நாள் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. மேலநீலிதநல்லூர் மாடத்தியும் ராயகிரி செல்லச்சாமியும் ஒரே மேடையில் பாடினார்கள். இரண்டு பேரும் தங்கள் பாட்டைத் தாங்களே கட்டிப் பாடுகிறவர்கள். சங்கரன்கோவில் வட்டாரத்துக் கொடைகளில் இவர் இல்லாவிட்டால் அவர், அவர் இல்லாவிட்டால் இவர் என்று காலம் காலமாக ஓடிக்கொண்டிருந்தது. செல்லச்சாமி ஆட்டுக் கிடை போட்டுத் திரிந்த மனுஷன்.

*ஆடு போவுது முன்னாலே – என்
ஆயுசு போவுது பின்னாலே*

என்று அவர் தொடங்கினால் ஆண்கள் பக்கம் விசில் பறக்கும். மாடத்தி விடியுமுன் பிச்சிப்பூ பறிக்கப் போனவள்.

*ஊருக்கெல்லாம் பூப்பறிச்சேன் – எங்
கொண்டைக்கொண்ணு மிஞ்சலையே*

என்று அவள் இழுத்தால் பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். இந்த இரண்டையும் ஒரு மேடையில் ஏற்றினால், மறுநாள் தெருவில் என்ன நடக்கும் என்று கொடைக் கமிட்டி யோசிக்கவில்லை. மைக் செட் வைத்திருக்கிற மகாராஜா செல்லச்சாமி கட்சி. தையல் கடை சங்கரேஸ்வரி மாடத்தி கட்சி. கட்சி என்றால் சும்மா இல்லை. மாடத்தியின் மேடை ஜாக்கெட் எல்லாம் இருபது வருஷமாக சங்கரேஸ்வரி தைத்ததுதான். போஸ்டரில் மாடத்தியின் படத்தைப் பார்த்தால், மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். சங்கரேஸ்வரி தோள்பட்டைத் தையலைப் பார்ப்பாள்.

சண்டையைப் பற்ற வைத்தவன் ஷாஜித். செல்போன் கடைக்காரன், யூடியூபில் ஒரு சேனலும் நடத்துகிறான். “நேத்து கச்சேரியில யாரு டாப்பு?” என்று கேட்டுக்கொண்டு காலையிலேயே போனை நீட்டினான். மகாராஜா பேசினான். அது தையல் மிஷின் சத்தத்தையும் தாண்டி சங்கரேஸ்வரி காதில் விழுந்தது. அவள் காதில் விழாதது எது?

“ஒத்துக்கிடு தங்கச்சி,” என்றான் மகாராஜா, போனைப் பார்த்துக் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டு. “நேத்து அவ அண்ணாச்சிகிட்ட தோத்துட்டா. மேல எடுக்க முடியல, அவருகிட்ட விட்டுட்டா. வயசானா வீட்டுல இருக்கணும். கையைத் தூக்கக்கூட முடியாம...”

“வாயை மூடுங்க அண்ணாச்சி! ஏன் கை தூக்கலன்னு தெரியுமா ஒங்களுக்கு? எங்க மாடத்தி அக்கா ஒரு பக்க மாரையே அறுத்து எடுத்துட்டு வந்து பாடுனா! எடது பக்கம் கட்டி வந்து ஆஸ்பத்திரியில மொத்தமா எடுத்தாச்சு. பெறவு கை எப்படித் தூக்கும்? ஜாக்கெட்டுக்குள்ள பஞ்சு வச்சுத் தச்சுக் கொடுத்தவ நான், நான் சொல்லுதேன்! பஞ்சை வச்சுக்கிட்டு அம்புட்டு நேரம் பாடுன பொம்பளை பெருசா, காலம்பூரா ஆட்டுக்குப் பின்னாலயே போயிட்டிருக்க ஒங்க ஆளு பெருசா? இப்பச் சொல்லுங்க!”

டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்தார். ஒருவன் மட்டும், “அய்யய்யோ” என்று மெதுவாகச் சொன்னான். எட்டிப் பார்த்த பெண்களில் இரண்டு பேர் தங்கள் சேலை முந்தானையைத் தங்களை அறியாமல் இழுத்துச் சரிசெய்தார்கள்.

அப்போதுதான் சங்கரேஸ்வரிக்குத் தன் கையில் இருந்த துணி கனத்தது. அவள் ஜெயித்திருந்தாள். அதில் சந்தேகமே இல்லை. எதிராளி வாயடைத்து நிற்கிறான். ஆனால் யாரையும் பார்க்காமல் துணியைச் சுருட்டிக்கொண்டு கடைக்குள் போனாள்.

சங்கரேஸ்வரியைப் பற்றித் தெருவில் என்னென்னவோ சொல்வார்கள். அடுத்த வீட்டுக் குழம்பில் உப்பு எவ்வளவு என்பதுவரை விசாரிப்பாள் என்பார்கள். அது உண்மைதான். ஆனாலும் ஒரு விஷயத்தில் அவளை யாரும் குறை சொன்னதில்லை. யாருக்கு நாள் தள்ளியிருக்கிறது என்று மாமியாருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். ஜாக்கெட் இறுக்கிப் பிடிக்கிறது என்று வந்து நிற்பார்களே. யார் கவலையில் இளைத்துப் போகிறாள், யாருக்கு முதுகில் அடிபட்ட தழும்பு இருக்கிறது, எல்லாம் தெரியும். ஒன்றுகூட வெளியே போனதில்லை. “ஊர்க்கதை எல்லாம் பேசுவேன். என் கடையில அளவு மட்டும் வெளிய போகாது,” என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

மாடத்தி வந்தது போன ஐப்பசியில். வழக்கமாக வாசலில் நின்றே, “ஏட்டி சங்கரி, காப்பி போடு” என்று கத்துகிறவள், அன்றைக்குச் சத்தமில்லாமல் உள்ளே வந்து திரையை இழுத்துவிட்டாள். பிறகு முந்தானையை எடுத்தாள். சங்கரேஸ்வரி பார்த்தாள். புதுசு தைக்க மாதிரியாகத் தன்னிடமே இருக்கும் பழைய அளவு ஜாக்கெட்டை எடுத்து இடது பக்கம் உள்ளே ஒரு பை மாதிரி வைத்து, இலவம்பஞ்சை அடைத்து, குறைத்து, மறுபடி அடைத்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஆகும்வரை நான்கு தடவை பிரித்துத் தைத்தாள். கண்ணாடியில் பார்த்துவிட்டு மாடத்தி சிரித்தாள். “படைச்சவனே ஒங்கிட்டதான் தையல் படிச்சிருப்பான் போலிருக்கு” என்றாள். யாரிடமும் சொல்லாதே என்று அவள் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு அரை மணி நேரம் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ஷாஜித் கடைக்கு ஓடினாள்.

“ஏலே ஷாஜித், அதை எடுத்துரு. நான் கடைசியாப் பேசுனதை மட்டும் வெட்டிரு.”

“அய்யோ சங்கரிக்கா, போட்டாச்சே! இங்கன பாருங்க.” அவன் போனைத் திருப்பினான். “எல்லாரும் ஒங்க அக்காவைத்தான் புகழுதாங்க. ஒருத்தன்கூடத் தப்பாப் பேசல.”

சங்கரேஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். ‘வீரத்தமிழச்சி மாடத்தி அம்மா.’ ‘கண்ணீருடன் துபாயிலிருந்து.’ ‘செல்லச்சாமி ரசிகன் நான், ஆனாலும் அம்மாதான் பெரியவங்க.’ விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. நெற்றிச் சுருக்கம் மெல்ல விலகியது. செல்லச்சாமி ரசிகனே ஒத்துக்கொண்டதை இரண்டாம் தடவை படித்தாள்.

“எடுத்துரவாக்கா?” என்று ஷாஜித் கேட்டான். கேட்கத்தான் செய்தான்.

சங்கரேஸ்வரி போனை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். “எம் மூஞ்சி ஏம்ல இப்படிக் கறுப்பாத் தெரியுது?” என்றாள்.

வீடியோ அப்படியே இருந்தது.

அடுத்த சில நாட்கள் அவள் கடைக்கு நல்ல கூட்டம். ஃபால்ஸ் அடிக்க ஒரு சேலையை எடுத்துக்கொண்டு வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கதை கேட்டுவிட்டுப் போனார்கள். “பாவம் மாடத்தி, எப்படிக்கா தாங்குனா?” என்று கேட்டவர்களுக்கு, பஞ்சை எப்படி நான்கு தடவை பிரித்து அடைத்தாள் என்பதுவரை சொன்னாள். சொல்லும்போதெல்லாம் மாடத்தியின் புகழைத்தான் பரப்புகிறோம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். மாடத்திக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. கச்சேரிக்குக் கச்சேரி அலைகிறாள், களைத்திருப்பாள் என்று அதற்கும் ஒரு சமாதானம் இருந்தது.

மகள் இசக்கிச்செல்வி மட்டும் சரியாக முகம் கொடுக்கவில்லை. பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, “ஏம்மா, எனக்கு ஏதாவது ஒண்ணு வந்தா தெருவுல நின்னு சொல்லுவியா?” என்றாள்.

“நான் என்ன கேவலமாவா சொன்னேன்? பெருமையாச் சொன்னேன்ட்டி.”

“பெருமையாச் சொல்லுவியான்னுதான் கேக்கேன்.”

சங்கரேஸ்வரி ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்துபோய்விட்டாள்.

இந்த நேரத்தில்தான் புளியங்குடியில் எலுமிச்சை மண்டிக்காரர்கள் ஒரு விழா வைத்தார்கள். வீடியோ பார்த்தபிறகு இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும் என்று எல்லா ஊரிலும் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். மாடத்திக்கு நம்மால்தான் மவுசு கூடியிருக்கிறது என்ற நினைப்போடு சங்கரேஸ்வரி நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். துணைக்குப் பக்கத்து வீட்டு வள்ளித்தாய்.

பந்தல் வாசலில் ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். செல்லச்சாமி படத்துக்குக் கீழே ‘கிடைக் கவிஞர்’ என்று இருந்தது. மாடத்தி படத்துக்குக் கீழே, ‘நோயை வென்ற நாட்டுப்புறச் சிங்கம்’. பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சங்கரேஸ்வரி அதை முழுதாகப் படிக்காமல் உள்ளே போனாள்.

மேடையில் அறிவிப்பாளன் மைக்கைப் பிடித்தான். “தாய்மார்களே, பெரியோர்களே! ஒரு பக்கம் போனாலும் உறுதி போகாத எங்கள் அம்மா...” கைதட்டல் எழுந்தது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். சில பெண்கள் அப்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மாடத்தி வந்தாள். பின்கொசுவம் வைத்து முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, இரண்டு கையும் சும்மா விட்டு வருகிறவள், அன்றைக்கு முந்தானையை வலது தோளையும் சுற்றி இழுத்துப் போர்த்தி, முனையைக் கையில் பிடித்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். குரல் குரலாகத்தான் இருந்தது. ஆனால் முன்வரிசையில் பையன்கள் போனைத் தூக்கியிருந்தார்கள். சங்கரேஸ்வரிக்கு நேர் முன்னால் இருந்தவன் திரையில் இரண்டு விரலை வைத்து விரித்தான். மாடத்தியின் முகம் நகர்ந்து வெளியே போனது. கழுத்து வந்தது. பிறகு கழுத்தும் போனது. பெண்கள் பக்கம் ஒன்றும் குறைச்சல் இல்லை. எல்லார் கண்ணும் இடது பக்கத்தில்தான் நின்றது. ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது யாருக்கும் தெரியவில்லை.

வள்ளித்தாய் அவள் தொடையைத் தட்டினாள்.

“ஏ சங்கரி, நானும் உத்து உத்துப் பாக்கேன். ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலல்லா இருக்கு! வித்தியாசமே தெரியல. நீ தைக்கது தையல்தான்ட்டி. எங்க சித்தி ஒருத்திக்கும் எடுத்திருக்கு, கூட்டிட்டு வாரேன், என்ன?”

பின்வரிசையில் ஒருத்தி எட்டிப் பார்த்து, “இந்தக்காதான் தச்சாங்களா? வீடியோவுல பாத்தேன்” என்று சிரித்தாள்.

தன் ஜென்மத்தில் தையலைப் பாராட்டி யாராவது சொன்னால் இரண்டு வார்த்தை கூடச் சேர்த்துக்கொள்கிற சங்கரேஸ்வரி, அந்த இடத்தில் பூமி பிளந்தால் வள்ளித்தாயைத் தள்ளிவிட்டு முதலில் தான் விழலாம் என்று இருந்தாள். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேடையைப் பார்த்தால் தானும் அந்தப் பக்கத்தையே பார்ப்பதாக ஆகும். மடியைப் பார்த்துக்கொண்டாள்.

பூப்பறிப் பாட்டு வரவில்லை. கீழே இருந்து கேட்டார்கள், கத்திக்கூடக் கேட்டார்கள். மாடத்தி தலையை அசைத்து மறுத்துவிட்டாள். செல்லச்சாமி தன் பாட்டையே அடுத்தடுத்துப் பாடி நேரத்தை நிரப்பினார். நடுவில் மண்டிக்காரர் ஒருவர் மேடையேறி அவருக்குப் பெரிய பொன்னாடை ஒன்று போர்த்தினார். செல்லச்சாமி கும்பிட்டார், போர்த்தியதை எடுத்தார், நேராக மாடத்தியிடம் போய், கழுத்திலிருந்து மடி வரைக்கும் மறையும்படி முன்பக்கமாகப் போட்டு இரண்டு முனையையும் பின்னால் முடிந்துவிட்டார். பெரிய மனுஷன் சின்னவளுக்கு மரியாதை செய்கிறார் என்று பந்தல் முழுக்கக் கைதட்டியது. மாடத்தி அப்போதுதான் சேலை முனையிலிருந்து கையை விட்டாள்.

சங்கரேஸ்வரி எழுந்து பின்பக்கம் போனாள். காலில் விழுந்தாவது ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று இருந்தது. மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் பக்கம் ஸ்டூல் போட்டு மகாராஜா உட்கார்ந்திருந்தான். புளியங்குடிக்கும் அவன் செட்தான்.

“போவாத சங்கரி,” என்றான்.

“ஒரு வார்த்தை அண்ணாச்சி...”

“போவாதங்கேன்.” சண்டையின்போது இருந்த குரல் இல்லை. “நான் மறுநாளே ராயகிரிக்குப் போனேன். பெரிய இதா, ‘அண்ணாச்சி, கொடையில நீங்கதான் ஜெயிச்சிய, தெருவுல வச்சு நான் விட்டுக் கொடுக்கல’ன்னு அவருகிட்டச் சொன்னேன். மனுசன் குடிச்சிட்டிருந்த காப்பியைக் கீழ ஊத்திட்டாரு.”

“என்ன சொன்னாரு?”

“‘அந்த இழுப்பை நீங்க எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி, என் கை வராதுன்னு அந்தப் பிள்ளைதான் எங்கிட்டக் கேட்டுச்சு. அவ மறைச்சு வச்சதை நானும் மறைச்சு வச்சேன். நாங்க ஒண்ணாப் பாடுனோம். ஒங்களை யாருலே ஜெயிக்கச் சொன்னா?’ன்னாரு.” மகாராஜா ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே பேசினான். “அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அவரு வீட்டம்மாகிட்டக்கூடச் சொல்லல. நான் அவளைத் தெம்பில்லாதவள்னேன். நீ...” அவன் ஒயரை அவிழ்த்துக் கீழே போட்டான். “வீட்டுக்குப் போ. பஸ்ஸு போயிரும்.”

பஸ்ஸில் வள்ளித்தாய் பேசிக்கொண்டே வந்தாள். சங்கரேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து மத்தியான வெயிலில் மாடத்தி வந்தாள். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ஃபால்ஸ் அடிக்க வந்திருந்த இரண்டு பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்ப்பதுபோல், அவர்கள் கண் கீழே இறங்கியது. மாடத்தி அதைக் கவனித்தாள். சங்கரேஸ்வரி கவனித்ததையும் கவனித்தாள்.

“நீங்க நாளைக்கு வாங்க,” என்று சங்கரேஸ்வரி அவர்களை அனுப்பிவைத்தாள். அவர்கள் போக மனசில்லாமல் போனார்கள்.

“காப்பி போடட்டுமா யக்கா?”

“வேண்டாம். அளவு ஜாக்கெட்டைக் கொடு.”

“புதுசு தைக்கணுமா? துணி கொண்டாந்தியளா?”

“இல்ல சங்கரி. அளவு ஜாக்கெட்டைக் கொடு.”

அளவு ஜாக்கெட்டைத் திரும்ப வாங்குவது என்றால் என்ன என்று தையல்காரிக்குச் சொல்ல வேண்டியதில்லை. சண்டை போட்டுவிட்டுப் போகிறவள்கூட அளவு ஜாக்கெட்டை விட்டுவிட்டுப் போவாள், பொங்கலுக்கு முன்னால் திரும்பி வருவாள். கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவள் வரமாட்டாள்.

சங்கரேஸ்வரி எழுந்திருக்கவில்லை. “நான் ஒங்களுக்காகத்தான் யக்கா பேசுனேன். ஒங்களைத் தோத்துட்டான்னு சொன்னா எப்படிக்கா...”

“எனக்காகத்தான் பேசுன. அது எனக்குத் தெரியாதா? கமெண்டுல எல்லாரும் நல்லதாத்தான் எழுதிருக்காங்க, அதையும் படிச்சேன். எம் மவ தூத்துக்குடியில மாசமா இருக்கா. பேறுகாலம் முடியட்டும்னு அவகிட்ட நான் சொல்லல. அவ புருசன் போனுல வந்திருக்கு. ராத்திரி பாத்துட்டு, ‘யம்மா, இந்தப் பொம்பளை சொல்லுதது நெசமா’ன்னு கேக்கா. நெசம்னு சொல்லுததுக்கு எனக்கு வாய் வரல.” மாடத்தி மடியிலிருந்த மஞ்சள் பையை நீவிவிட்டாள். “முன்னயெல்லாம் நான் பாடுனா, பாட்டைக் கேட்டு அழுவாங்க. இப்ப நான் வாயைத் தொறக்கதுக்கு முந்தியே அழுதாங்க. பாட்டைக் கேக்கதுக்கு ஆளில்ல சங்கரி.”

தெருவில் ஒரு தண்ணீர் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“அந்த வீடியோவை எடுக்கச் சொன்னியா?” என்று மாடத்தி கேட்டாள்.

பொய் சொல்லலாம். ஷாஜித் ஒன்றும் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. சங்கரேஸ்வரி டேப்பை உருவி உருவிச் சுருட்டினாள்.

“ஒரு வாட்டி சொன்னேன் யக்கா.”

“பெறவு?”

“எடுத்துரவான்னு அவனே கேட்டான்.”

“நீ என்ன சொன்ன?”

சங்கரேஸ்வரிக்குத் தான் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருந்தது. கறுப்பாகத் தெரிகிறேன் என்று சொன்னதை மாடத்தியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். மாடத்தி மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அளவு ஜாக்கெட்டுகளை ஆணியில் வரிசையாக மாட்டியிருப்பாள். மாடத்தியுடையதை மட்டும் இரும்புப் பெட்டிக்குள் அடியில், தன் கல்யாணச் சேலைக்குக் கீழே வைத்திருந்தாள். எடுத்து வந்தாள். மாடத்தி அதை விரித்துப் பார்க்காமல் மடித்தபடியே மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“யக்கா, என்னை நாலு அடி அடிச்சிட்டாவது போங்க.”

“எதுக்குட்டி? கையை ஓங்க முடியாதுல்லா,” என்றாள் மாடத்தி. சிரிக்கத்தான் சொன்னாள் போலிருக்கிறது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. குடையை எடுத்து விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தாள். டீக்கடையில் நின்றவர்கள் அவள் போகும்வரை கிளாசுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகாராஜா தன் கடைக்குள் போய் விளக்கை அணைத்துவிட்டான்.

அதன் பிறகு தெருவில் யாரும் சங்கரேஸ்வரியிடம் சண்டைக்கு வரவில்லை. ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ஷாஜித்தின் அம்மா மிஸ்ரியாதான் முதலில் வந்தார். “ஒண்ணுமில்லம்மா, ஊருக்குப் போறோம், அளவு ஜாக்கெட் வேணும்” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவர் எந்த ஊருக்கும் போகவில்லை, சாயங்காலம் கறிக்கடையில் நின்றார். அடுத்து வள்ளித்தாய். ஆமாம், சித்தியைக் கூட்டிவருகிறேன் என்று சொன்ன அதே வள்ளித்தாய். கடையில் வந்து உட்கார்ந்து கதையை ரசித்துக் கேட்டவர்கள்தான் முதலில் வாங்கிப்போனார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல சங்கரேஸ்வரிக்கு வாய் இல்லை. ஆணிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. இப்போது பள்ளிக்கூடச் சீருடையும் தலையணை உறையும் தைக்கிறாள்.

ஷாஜித் வீடியோவை எடுத்துவிட்டான், மிஸ்ரியா செருப்பைக் கழற்றிய பிறகு. அதற்குள் அது பல கைக்குப் போய்விட்டது. அந்த வருஷக் கடைசியில் அவன் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு ஷார்ஜாவுக்குப் போனான். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் வேலை, சேனல் இல்லை.

இசக்கிச்செல்விக்கு ராயகிரியில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல குடும்பம், மாப்பிள்ளை கூட்டுறவு வங்கியில் இருக்கிறான். செல்லச்சாமி வீடு அதற்கு இரண்டு தெரு தள்ளித்தான். மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் சங்கரேஸ்வரி பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தத் தெருவைத் தொடாமல் குளத்துக்கரை வழியாகச் சுற்றிப் போகிறாள். செருப்பு தேய்வதைப் பற்றி மருமகனிடம் குறைப்பட்டுக்கொள்வாளே தவிர, காரணம் சொல்வதில்லை.

மகாராஜா பெரியவன் ஆகிவிட்டான். தென்காசியிலும் ஒரு கிளை போட்டிருக்கிறான். இசக்கிச்செல்வி கல்யாணத்துக்கு அவன்தான் செட் போட்டான். யார் பாட்டைப் போட வேண்டும் என்று சங்கரேஸ்வரியிடம் கேட்கவில்லை. அன்றைக்கு முழுக்க நாதஸ்வரம்தான் ஓடியது.

மாடத்தி கல்யாணத்துக்கு வரவில்லை. பத்திரிகை தபாலில் போனது, திரும்பி வந்துவிட்டது. மேலநீலிதநல்லூர் வீட்டைப் பூட்டிவிட்டு அவள் தூத்துக்குடிக்கே மகளோடு போய்விட்டாள். பேத்தி பிறந்திருக்கிறதாம். அந்தப் பக்கத்துக் கொடைகளில் பாடுகிறாள் என்றும், அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது என்றும் மகாராஜா சொல்லித்தான் தெருவுக்குத் தெரியும். அவனிடம் அவளுடைய விலாசம் இருக்கிறது, போன் நம்பரும் இருக்கிறது.

சங்கரேஸ்வரி அதைக் கேட்கவில்லை.